எம்.ஏ. சமயவியலைப் பாதியில் விட்டுவிடலாமா?

குமுளியை ஒட்டிய ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் வளர்ந்த 22 வயது மாணவி எழுதியிருக்கிறார். அப்பா அதே தோட்டத்தில் கங்காணி, அம்மா காய் எடுக்கப் போகிறவர். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பத்தாம் வகுப்பு வரை கேரளத்திலேயே தமிழ் வழியில் படித்து, மேல்நிலைக்குக் கம்பத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, இப்போது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. சமயவியல். முதலாண்டு முடிந்துவிட்டது. அரியர் இல்லை, 68 சதவீதம்.

பிரச்சினை வீட்டில். இவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அத்தை கன்னியாஸ்திரியாக இருப்பதால், மகளும் மடத்துக்குப் போகத்தான் இதைப் படிக்கிறாள் என்று அம்மாவுக்குப் பயம். ஊரில் கேட்பவர்கள், "மதத்தைப் படிச்சு என்ன வேலை வாங்கப் போறே?" என்கிறார்கள். மாமா, "எம்.ஏ.வோடு பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆகிவிடலாம், ராணுவத்தில்கூட மத ஆசிரியர் வேலை இருக்கிறது" என்கிறார். தோழி ஒருத்தி, கோயில் செயல் அலுவலர் தேர்வு எழுதச் சொல்லி, "விண்ணப்பத்தில் இந்து என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றிருக்கிறாள். இவருக்கோ, சிறுபான்மையினருக்கான உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டம் செய்யலாம் என்று ஒரு கணக்கு. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போகப் போகிறது. "இப்போதே நிறுத்திவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேரலாமா? பி.சி. சான்றிதழ் தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு கேரளாவில். நான் எந்த மாநிலத்தில் வேலை தேட வேண்டும்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: நிறுத்த வேண்டாம். முடிக்க இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. இப்போது விட்டால் கையில் பி.ஏ. மட்டுமே இருக்கும், செலவழித்த பணமும் ஓர் ஆண்டும் போய்விடும். எம்.எஸ்.டபிள்யூ. எங்கும் ஓடிவிடாது. எந்தப் பட்டம் படித்தவரும் அதில் சேரலாம், அடுத்த ஆண்டும் சேரலாம்.

ஆனால் ஊரார் கேட்கும் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சமயவியல் என்ற பட்டத்தின் பெயரைச் சொல்லி ஆள் எடுக்கும் வேலை நம் நாட்டில் மிகக் குறைவு. பொறியியல், நர்சிங் மாதிரி பட்டத்தைக் காட்டினால் வேலை என்ற படிப்பு இது இல்லை. இந்தப் படிப்போடு இன்னொரு திறமையை, கைத்தொழில் மாதிரி ஒன்றை, சேர்த்துக்கொண்டவர்கள்தான் பிழைத்திருக்கிறார்கள். உங்களிடம் அப்படி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனைகளில் எது சரி, எது தவறு என்று பார்த்துவிடுவோம்.

கோயில் செயல் அலுவலர் தேர்வு

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 7பி, குரூப் 8 தேர்வுகள் நடக்கின்றன. இந்து சமயம், சைவமும் வைணவமும் என்று தனித்தாளே உண்டு. வகுப்பில் திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் ஆர்வமாகப் படிக்கும் உங்களுக்கு அந்தத் தாள் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம், 10ஆம் பிரிவில், அந்தத் துறையில் பணிபுரிபவர்கள் இந்து சமயத்தைப் பின்பற்றுபவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. "அரசு வேலையில் மதம் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அரசு வேலையில் பொதுவாக மத வேறுபாடு கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 16ஆவது உறுப்பே, அதன் 5ஆம் உட்பிரிவில், ஒரு மத நிறுவனத்தின் நிர்வாகம் சார்ந்த பதவிக்கு அந்த மதத்தவரையே நியமிக்கும் சட்டத்துக்கு இடம் தருகிறது. கேரளத்தில் கோயில் நிர்வாகப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் தேவஸ்வம் ஆட்தேர்வு வாரியத்தின் வேலைகளுக்கும் இதே நிலைதான்.

தோழி சொன்ன குறுக்குவழி வேண்டவே வேண்டாம். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது உறுதிமொழி. உங்கள் பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் மதம் தெரிந்துவிடும். சான்றிதழ் சரிபார்ப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் வேறு தேர்வுகள் எழுதவும் தடை வரலாம். வேலை கிடைத்த பிறகு பிடிபட்டால் பணிநீக்கம், வழக்கு என்று போகும். (இதை வாசிக்கும் இந்து மாணவர்களுக்கு: சமயவியல், தத்துவம் படிப்பவர்களுக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் அரசு வேலை இதுதான். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.)

மாமா சொன்ன இரண்டு வழிகள்

ராணுவத்தில் மத ஆசிரியர் பணி இருப்பது உண்மைதான். பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று இளநிலை அதிகாரி நிலையில் எடுக்கிறார்கள். ஆண்களை மட்டும்தான். அதிலும் கிறிஸ்தவப் பிரிவுக்குத் திருச்சபையால் குருப்பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆகவே அந்த வழி உங்களுக்கு இல்லை.

பி.எட். விஷயத்தில் மாமா பாதி சரி. உங்களை பி.எட்.டுக்குத் தகுதியாக்குவது எம்.ஏ. சமயவியல் அல்ல, பி.ஏ. வரலாறு. பி.எட். முடித்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேறினால் தமிழ்நாட்டில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். ஆனால் மேல்நிலையில் வரலாறு எடுக்கும் முதுகலை ஆசிரியர் ஆக முடியாது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்கள் முதுகலை வேறு பாடம். பலர் இரண்டு ஆண்டு பி.எட். படித்து முடித்த பிறகே இதைக் கண்டுபிடித்து என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. பீர்மேடு, தேவிகுளம் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்று கேரள பி.எஸ்.சி. தனியாக ஆசிரியர்களை எடுக்கிறது. அதற்குக் கேரளத்தின் டெட் தேர்வான கே-டெட் வேண்டும். அந்தப் பள்ளியிலேயே படித்து வந்தவர், மலையாளமும் சரளமாகப் பேசுபவர் என்பதால் உங்களுக்கு அங்கே சாதகம் உண்டு. ஆசிரியர் வேலை பிடிக்கும் என்றால் இது நல்ல வழி. ஆனால் கடிதம் முழுக்கத் தேடியும், பாடம் நடத்தப் பிடிக்கும் என்று ஓரிடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. பிடிக்காத ஒருவர் முப்பது வருஷம் வகுப்பறையில் நிற்பது அவருக்கும் கஷ்டம், பிள்ளைகளுக்கும் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. 'செட்' என்ற பெயரில் இரண்டு மாநிலத்திலும் தேர்வு நடக்கிறது. தமிழ்நாட்டுச் செட் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான தகுதி. கேரளத்துச் செட் மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கானது. எல்லையில் இருப்பவர்கள் இதில் குழம்பி, தேவையில்லாத தேர்வுக்குக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள்.

ஆராய்ச்சியும் உதவித்தொகையும்

நீங்கள் நம்பியிருக்கும் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை இப்போது இல்லை. 2022-23 முதல் புதியவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய தகவல் இன்னும் பலர் கைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதனால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். யு.ஜி.சி. நெட் தேர்வில் 'சமயங்களின் ஒப்பாய்வு' ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. முதுகலை கடைசி ஆண்டு படிப்பவர்களும் எழுதலாம். மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. முன்னணியில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், முனைவர் பட்டத்தில் சேர்ந்த பிறகு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன் பிறகு 42,000 ரூபாயும் தருகிறார்கள். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. உங்களுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை மொழியில் இருக்கிறது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் படித்த உங்களுக்குப் பாடம் தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் போகக்கூடாது. இன்றிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் பாடப்பகுதியை ஆங்கிலத்தில் வாசியுங்கள். பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முனைவர் பட்டம் செய்ய இடமும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவவியல், சமணவியல் என்று தனித்தனித் துறைகள் உண்டு. பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம், டெல்லி ஜாமியா மில்லியா, சாந்திநிகேதன் விஸ்வபாரதி ஆகியவற்றிலும் சமய ஒப்பாய்வுக்குத் துறையோ மையமோ இருக்கிறது. ஓலைச்சுவடி பிடிக்கும் என்றால் புதுச்சேரியைப் பாருங்கள். அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடி வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் சுவடியியலுக்கு ஓராண்டு முதுகலைப் பட்டயம் இருக்கிறது.

ஆனால் முனைவர் பட்டத்தையே வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சமயவியல் துறை இருக்கும் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் போங்கள். உதவித்தொகை இல்லாமல், வீட்டுப் பணத்தில் ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சி செய்ய உங்கள் குடும்ப நிலையில் நான் சொல்ல மாட்டேன்.

எந்த மாநிலம்?

ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழைக் கொண்டு இன்னொரு மாநில அரசு வேலையில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. உங்களிடம் இருப்பது தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் என்பதால் டி.என்.பி.எஸ்.சி.யில் அது செல்லும். கேரள பி.எஸ்.சி.யில் பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டியிருக்கும். நெட், யு.பி.எஸ்.சி. போன்ற மத்தியத் தேர்வுகளுக்கு பி.சி. சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதற்கு முன், தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் அதில் இல்லை. ரேஷன் கார்டு குமுளியில் இருப்பதால் தாலுகா அலுவலகத்தில் வசிப்பிடம் பற்றிக் கேட்பார்கள். பாட்டி வீட்டு ஆவணம், அப்பாவின் பழைய பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

தனியார் துறைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் எல்லை ஒரு பொருட்டே இல்லை. அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். சபரிமலைக் காலத்தில் உங்கள் ஊர் வழியாக எத்தனை மொழிக்காரர்கள் போகிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். எருமேலியில் வாவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத்தான் ஐயப்ப பக்தர்கள் மலையேறுகிறார்கள். ஏன் என்று விளக்கத் தெரிந்த வழிகாட்டிகள் எத்தனை பேர்? மத்தியச் சுற்றுலா அமைச்சகம் இணைய வழியில் சுற்றுலா வழிகாட்டிச் சான்றிதழ் தருகிறது. தேக்கடி பக்கத்தில் இருப்பதால், படிக்கும்போதே விடுமுறையில் இதைச் செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம். பருவ வேலைதான், முழு வாழ்க்கைக்குப் போதாது. ஆனாலும் அம்மாவின் செயினை மீட்க உதவும்.

நீங்கள் ஒரே வரியில் கடந்து போனது

கடிதத்தின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில், தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பஞ்சாயத்தின் வலி நிவாரணக் குழுவோடு லைன் வீடுகளுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டி, நர்ஸ் சேச்சி மலையாளத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேசுவார் என்று. வலி எங்கே என்று சொல்லாதவர், குலசாமிக்கு நேர்ந்த கடனைச் செலுத்தாமலே போய்விடுவேனோ என்ற பயத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்தக் கடனைக் கேட்டு எழுதி, மகனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதன் பிறகு பாட்டி மருந்து சாப்பிட ஆரம்பித்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை ஏதோ உதவி செய்ததுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் உங்கள் வேலை தெரிகிறது.

கேரள அரசு 2008இலேயே வலி நிவாரணச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் மூலம் வீடு தேடிப் போகும் சேவை அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது. கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவ நிறுவனமும், திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவும் இதற்குப் பயிற்சி தருகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்கவே தனித் துறை இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு என்ன வேண்டும், ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் எதற்குச் சம்மதிக்காது, பளியர் என்ற மலைவாழ் பழங்குடியினரிடம் சாவுச் சடங்கு எப்படி என்று தெரிந்தவர் மருத்துவக் குழுவில் இருப்பது பெரிய பலம். சமயவியல் படித்த உங்களுக்கு அந்த அறிவு இருக்கிறது. ஆனால் அறிவு மட்டும் போதாது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதைப் பதிவு செய்வது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்று முறையான பயிற்சி வேண்டும். அதை மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. தரும்.

ஆகவே நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. என்று நினைத்தது தவறில்லை. நீங்கள் முன்னால் வைத்தது பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். எம்.ஏ.வை முடித்துவிடுங்கள். கடைசி ஆண்டில் நெட் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். வந்தால், தோட்டத் தொழிலாளர்களிடையே நோய், சாவு, நேர்த்திக்கடன் என்று ஆராய்ச்சிக்கு உங்கள் கண் முன்னாலேயே பொருள் இருக்கிறது. வராவிட்டால் ஓராண்டு ஏதாவது தொண்டு நிறுவனத்திலோ மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்திலோ களப்பணியாளராக வேலை பாருங்கள். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் செயினை மீட்டபின் எம்.எஸ்.டபிள்யூ. சேரும்போது கையில் அனுபவமும் இருக்கும்.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வலி நிவாரணக் குழு அனுபவத்தை எடுப்பதானால், நோயாளிகளின் சம்மதமும் உங்கள் துறையின் அனுமதியும் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது சிக்கல் என்று தோன்றினால், இரு மாநில எல்லை மலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலை எடுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு ஒரே ஒரு நாள்தான் திறப்பு. அதற்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஏற்பாடு பேசுகின்றன. ஒரு பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறி வருகிறார்கள், மறுபக்கம் குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள். இரண்டு பக்கத்தாரிடமும் அவரவர் மொழியில் பேசி எழுத உங்களால் முடியும். ஒரே நாள்தான் என்பதால், ஆறு மாதம் முன்பே வழிகாட்டியிடம் சொல்லி அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

இனி வீட்டு விஷயம். அம்மாவின் பயத்தைக் கோபமில்லாமல் கேளுங்கள். துறவு என்பது அழைப்பு இருந்தால் போகும் பாதை, இந்தப் பட்டம் அதற்கு முன்படி அல்ல என்று உங்கள் அத்தையே சொன்னால் அம்மா நம்புவார். விடுமுறைக்கு அவர் ஊருக்கு வரும்போது மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவிடம் நெட் தேர்வு பற்றிச் சொல்வதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு அந்தப் பாட்டி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கங்காணிக்கு அந்த லைன் வீடுகள் எல்லாம் தெரிந்தவைதானே. கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்றும், பல்கலைக்கழகத்தில் தவணையாகக் கட்ட முடியுமா என்றும் துறைத் தலைவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். தவணை கிடைத்தால் செயினை அடகு வைக்க வேண்டியதே இல்லை.